விழாத கிண்ணம்

அந்த எவர்சில்வர் கிண்ணத்துக்குப் பத்து நாளாகப் பயம். முன்பெல்லாம் வள்ளிமயிலின் ஒரு வயதுப் பிள்ளை சாப்பிட்டு முடித்ததும் அதைத் தூக்கி எறிவான். உடம்பெல்லாம் நசுங்கல். இப்போது விளிம்பைப் பிடிக்கிறான், தூக்க முடியாமல் விட்டுவிடுகிறான்.

"மேல்தண்ணியை மட்டுமே ஊத்துற. அடியில இருக்கிற பருப்பையும் கொஞ்சம் போடேன்" என்று கரண்டியிடம் கெஞ்சியது கிண்ணம்.

"பருப்பு பிள்ளைக்கு மந்தம். சத்தெல்லாம் தண்ணியிலதான் எறங்கியிருக்கும். நான் எத்தனை பிள்ளைக்கு ஊத்தியிருக்கேன் தெரியுமா?"

"இன்னிக்கு அவன் விரல் என்மேல பட்டதே தெரியல."



மறுநாள் அங்கன்வாடியில் எடை போட்டுவிட்டு வந்த வள்ளிமயில், பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. "மூணு மாசமா எடை ஏறலையாம். கரண்டியைச் சாய்ச்சா ஒழுகாத மாதிரி கெட்டியா கொடுக்கணும்னு டீச்சர் சொன்னாங்க" என்று கணவனிடம் சொல்லிக்கொண்டே கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டாள். குழைந்த பருப்பைச் சோற்றோடு மசித்து, எண்ணெய் விட்டு ஊட்டினாள்.

அன்றும் அவன் எறியவில்லை. அந்த வாரம் முழுக்க எறியவில்லை. ஆணியில் தொங்கிய கரண்டி, கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கெட்டியாக ஊட்டத் தொடங்கிய பதினோராம் நாள் ணங்கென்று ஒரு சத்தம். கிண்ணம் சுவரில் மோதி, உருண்டு, கதவோரம் கிடந்தது.

"அடி பலமா?" என்று பதறியது கரண்டி.

"பேசாம இரு. மறுபடியும் எறியட்டும்னு எடுத்து அவன் கையில கொடுக்கப் போறா அவன் அம்மா."