குண்டு போட்ட கதவு

1991 தை மாதம். பென்னலூரில் எங்கள் நெல் மில் கொட்டகையில் என் தந்தையின் பழைய குட்டி விமானத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தோம். இறக்கைக்குப் புதுத் துணி, புது டயர் எல்லாம் ஆயிற்று. தன் மகனுக்கு என் மகள் சசிகலாவைப் பெண் கேட்டு வந்த தணிகாசலம், மனைவியோடு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எங்க அப்பா மாஜிஸ்ட்ரேட்டு. குடும்பம் பாத்துத்தான் சம்பந்தம் பண்ணுவோம்” என்றார்.

“எங்க அப்பா யுத்தத்துல ஓட்டின பிளேன் இது. அடியில இருக்கிற கதவு வழியாத்தான் குண்டு போட்டார்” என்றேன்.

அடியில் படுத்திருந்த மெக்கானிக் ஜெபகுமார், துருப்பிடித்த அந்தக் கதவை நெம்பித் திறந்தான். காகிதங்கள் அவன் முகத்தில் கொட்டின.

“இன்னா சார், குண்டெல்லாம் ரோஸ் கலர்ல கீது?”

ஒன்றை எடுத்து உரக்கப் படித்தான். “படப்பை டெண்ட் கொட்டகையில் இன்று முதல் புதுப்படம்!”

நாற்பது வருடமாக ஊருக்கு நான் சொல்லி வந்த யுத்தம் இதுதான்.

“சினிமா நோட்டீஸ் போட்ட குடும்பமா?” தணிகாசலம் உதட்டைச் சுழித்தார். “மரகதம், கெளம்பு!”

“இருங்க சார், கீழ இன்னும் கீது” என்று ஜெபகுமார் தொடர்ந்தான். “என் மகன் சிரஞ்சீவி தணிகாசலத்தின் காதுகுத்தை முன்னிட்டு, இன்று தரை டிக்கெட் பாதி விலை. இங்ஙனம், கொட்டகை முதலாளி ரத்தினம்.”

தணிகாசலத்தின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. நோட்டீஸை வெடுக்கென்று பிடுங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“உங்க அப்பா பெரிய வீரர்தான் சம்பந்தி. மாசியிலயே முகூர்த்தம் வெச்சுக்கலாமா?”