பெட்டியில் குளிர் இல்லை

மாரீசு கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாள்.

குளிரவில்லை.

உள்ளே அம்மாவின் முகம் தெரியவில்லை. கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகள் அம்மாவின் நெற்றியில் விழுந்துகொண்டிருக்கும்.

காலையில் கேட்ட பெட்டியின் சத்தம் எப்போது நின்றது? யாரும் கவனிக்கவில்லை. அவளும்தான். வந்தவர்களுக்குக் காபி, பந்தல்காரருக்குப் பதில், ஓயாமல் போன்.

தங்கை முத்துக்கனி மஸ்கட்டிலிருந்து வர வேண்டும். அவள் அம்மா முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நேற்று சாயங்காலம் இந்த ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு எடுத்தார்கள்.

தாய்மாமா வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். துண்டை மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று இறக்கிக்கொண்டார்.

"மாரீசு, இதுக்கு மேல வைக்க முடியாதுத்தா. எடுத்துருவோம்."

"கனி வந்துரட்டும் மாமா. ஒரு தடவ மூஞ்சியப் பாத்துரட்டும்."

பெட்டிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் வேறொரு சாவு வீட்டில், வேறொரு பெட்டியோடு இருந்தார். அங்கேயும் அழுகை கேட்டது.

"கண்ணாடியத் தூக்கிராதீங்கக்கா. இருக்கிற குளிரும் போயிரும். ஸ்டெபிலைசர்ல என்ன லைட் எரியுது?"

"செவப்பு."

"கரண்டு பத்தல. அந்த லைன்ல வேற என்ன ஓடுதோ, எல்லாத்தையும் புடுங்குங்க."

பந்தலில் சுற்றிய பெரிய விசிறிகளின் ஒயரை அவளே பிடுங்கினாள். சித்திரை வெயில். பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"இவளுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

விளக்கு பச்சையானது. பெட்டி ஒருமுறை உதறி, மறுபடி நின்றது.

"பிளக்க எடுத்துட்டு, கால்மாட்டுல கீழ பாருங்க. காத்து போறதுக்கு ஒரு கம்பி வல இருக்கும். எதுவும் அடச்சிருக்கா?"

குப்புறப் படுத்தாள். மகள் விழுந்து அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் தூக்க வந்தார்கள்.

"விடுங்க என்னைய!"

ஒப்பாரி நின்றுபோனது.

வலை முழுக்க ரோஜா இதழ்கள். மாலைகளிலிருந்து உதிர்ந்து, உள்ளே இழுபட்டு, ஈரத்தில் பசை மாதிரி அப்பியிருந்தன. நகத்தால் சுரண்டினாள். கொண்டை ஊசியால் நெம்பினாள். விரல் கிழிந்தது.

"கொஞ்சம் பொறும்மா. இந்தா ஆச்சு. கொஞ்சம் பொறு."

சத்தமாகச் சொல்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

பிளக்கைச் செருகினாள்.

ஒன்றுமில்லை.

"ஒடனே புடிக்காதுக்கா. கொஞ்ச நேரம் விட்டுத்தான் ஓடும்" என்று சொல்லிப் போனை வைத்தார் பெட்டிக்காரர்.

கண்ணாடியில் காதை வைத்துக் காத்திருந்தாள். மாமா பாடை கட்டுகிறவர்களைப் பார்த்தார். அவர்கள் எழுந்து நின்றார்கள்.

பெட்டி உறுமியது.

மெல்ல, விடாமல், உறுமிக்கொண்டே இருந்தது.

மாமா கையைக் காட்டினார். அவர்கள் உட்கார்ந்தார்கள்.

அப்போது போன் அடித்தது. மஸ்கட் நம்பர்.

இந்நேரம் மதுரையில் இறங்கியிருக்க வேண்டியவள்.

"அக்கா... மொதலாளி பாஸ்போர்ட்ட கடைசி வரைக்கும் குடுக்கலக்கா. கால்ல விழுந்துகூடக் கேட்டுட்டேன். எனக்காகப் போட்டு வச்சிருக்காதீங்க. அம்மாவ அனுப்பிருங்க."

பிறகு அழுகை மட்டும்.

"சரி" என்றாள்.

கண்ணாடி தெளியத் தொடங்கியது. முதலில் மூக்கு தெரிந்தது. பிறகு, முழுதாக மூடாத இடது கண்.

நேற்றிலிருந்து இந்த முகத்தை அவள் நின்று பார்க்கவே இல்லை.

மாமா பக்கத்தில் வந்து குனிந்தார்.

"கனிதான போன்ல? எங்க வந்துக்கிட்டு இருக்காளாம்?"

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"விருதுநகர் தாண்டிட்டா மாமா."