அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு கப்பல்

கீல் நகரத்து ஞாயிற்றுக்கிழமை மழை ஜன்னலில் வழிகிறது. ஃபோல்கெர்ட் கணினியில் நீர்மூழ்கி விளையாட்டின் பெரிஸ்கோப் வழியே எதிரிக் கப்பலின் திசையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் மனைவி ஹென்றிகே, சமையலறைகள் வரையும் தன் அலுவலக மென்பொருளில் கப்பல் போகும் வழியைக் கோடாக இழுக்கிறாள். மிச்சமிருப்பது ஒரே டார்பிடோ. தவறினால் மூன்று வார ஆட்டம் பாழ். "இப்ப எங்க இருக்கான்?" என்கிறான். "அடுப்பத் தாண்டிட்டான். பாத்திரத் தொட்டிகிட்ட வரான்." "ஏய், வாடிக்கையாளர் படத்து மேலயா வரையற?" "புதுசா ஒரு படம் தொறக்க நீ எங்க நேரம் குடுத்த? சுடு, கேப்டன், இப்பவே!" டார்பிடோ பாய்கிறது. இருவர் காப்பியும் ஆறுகிறது. மேசை அதிர வெடிச்சத்தம். அவன் அவளுடைய உச்சந்தலையில் முத்தமிடுகிறான். நாளைக் காலை காட்டவேண்டிய சமையலறை அது. கோடுகளை அழிக்கப்போன அவள் விரல், தொட்டியருகே கப்பல் முழுக்க மூழ்கட்டும் என்று காத்திருக்கிறது.