எழுந்திருக்கக் கூடாது

“என்ன வேணா பண்ணுங்க, படகுல எழுந்து மட்டும் நிக்காதீங்க” என்றார் பயிற்சியாளர்.

தையல்காரருக்குக் குப்பென்று வியர்த்தது. சந்தோஷத்தில்தான்.

இந்த ஒரு விதியை நம்பித்தான் அவர் மகளை ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அவர்கள் வீட்டில் பேச்சு கொஞ்சம் ஒரு மாதிரியாகப் போனால் யாராவது எழுந்து போய்விடுவார்கள். அவர் தையல் மிஷினுக்குப் போவார். மகள் மொட்டை மாடிக்குப் போவாள். மனைவி இருந்தவரை இருவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

போன மாதம் அவர் தங்கை வந்து, “எங்கண்ணனுக்கும் ஒரு துணை வேணாமாடி?” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மகள் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அங்கே நின்ற பேச்சை இன்று முடித்தாக வேண்டும். மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பதை அவளிடம் சொல்லிவிட வேண்டும். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் அதை உட்கார்ந்து சொல்லட்டும்.

பயிற்சியாளர் ஒவ்வொருவருடைய லைஃப் ஜாக்கெட் பட்டையையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். தையல்காரருடையதை மட்டும் இரண்டு முறை இழுத்தார். பிய்ந்துபோன அந்தப் பட்டைகளைத் தைத்துக் கொடுத்ததே தையல்காரர்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதீங்கப்பா, கவனிங்க” என்று மகள் அதட்டினாள்.

மஞ்சள் கயாக் படகு. மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

முன் இருக்கைக்கு அவர் முந்திக்கொண்டார். முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம் பாருங்கள்.

தண்ணீரில் இறங்கியதும் படகு அவர் பேச்சைக் கேட்கவில்லை. இடப்பக்கம் துடுப்பைப் போட்டால் வலப்பக்கம் போனது. ஒரு வட்டம் அடித்து, போன சுருக்கில் கரைக்கே திரும்பி வந்து இடித்தது. பக்கத்துப் படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

“ரெண்டு பேரும் ஒண்ணா போடுங்க! முன்னாடி இருக்கறவர் கையைப் பாத்துப் பின்னாடி இருக்கறவங்க போடணும்!” என்று பயிற்சியாளர் கத்தினார். கூடவே ஒரு விசில்.

இடது, வலது. இடது, வலது.

மிஷின் மிதித்துப் பழகிய காலின் தாளம் எப்படியோ கைக்கு ஏறிவிட்டது. மகளும் அதைப் பிடித்துக்கொண்டாள். படகு சட்டென்று நேரானது. வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

“அப்பா! போகுதுப்பா! நாமதான் ஓட்டுறோம்!”

அவள் இப்படிக் கத்திக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! அவருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டை நனைந்தது, கண்ணாடி நனைந்தது, ஒன்றையும் துடைக்கத் தோன்றவில்லை. கைதட்டியவர்களை முந்தினார்கள். ஆரஞ்சு மிதவையைத் தாண்டினார்கள். மகள் யாரையோ பார்த்து, “வழி விடுங்க, வழி விடுங்க!” என்று கூவினாள். முன்னால் யாருமே இல்லை.

இதுதான் நேரம்.

அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்மாடி, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்.”

பின்னால் துடுப்புச் சத்தம் நின்றது.

அவர் திரும்பவில்லை. படகு தன்பாட்டுக்குக் கொஞ்ச தூரம் போய் ஓய்ந்தது.

அவளால் எழுந்து போக முடியாது என்பது இப்போது அவருக்கு ஆறுதலாக இல்லை. பெற்ற பிள்ளையைத் தப்பிக்க வழியில்லாத இடத்துக்குக் கூட்டி வந்து பேசுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

“பிடிக்கலைன்னா சொல்லிடும்மா. இத்தோட விட்டுடறேன். கரைக்குப் போயிடலாம்.”

“யாருப்பா அது?”

கோபமா, அழுகையா, அந்தக் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

“அதோ… கரையில விசில் ஊதுறாங்களே…”

“அந்த மேடமா!”

அவள் எழுந்திருக்கவில்லை. உடம்போடு திரும்பிக் கரையைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கே படகு குப்புறக் கவிழ்ந்துவிட்டது.

மூக்கு, வாய், காது எல்லாம் தண்ணீர். ஜாக்கெட் அவரைத் தூக்கி மேலே விட்டது. மூச்சு வந்ததும் மகளைத் தேடினார். கை எட்டும் தூரத்தில், படகைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தாள்.

அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இருந்தாலும் பார்த்தார்.

இருமிக்கொண்டே அவள் கழுத்தை எக்கிக் கரைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஒரு சிவப்புக் கயாக் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. பயிற்சியாளர் அம்மாளுக்கு விசில் ஊதக்கூட நேரமில்லை. தொப்பி பறந்துபோய், நரைத்த கொண்டை அவிழ்ந்து, துடுப்பைப் போடு போடு என்று போட்டுக்கொண்டிருந்தார்.

மகள் முகத்தில் ஒட்டிய முடியை அவசர அவசரமாக ஒதுக்கினாள்.

“ஏம்ப்பா, பொண்ணு பாக்கப் போறோம்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா, நான் நல்ல டிரெஸ்ஸாவது போட்டுட்டு வந்திருப்பேன்ல!”