பெண் கேட்டவன்

"கோழிக்குஞ்சு கேக்க வர்றவன்கூட உன்னைவிட மிடுக்கா வந்து நிப்பான்டா" என்றார் அமாக் செரினா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பின்னால் கையும் காலுமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தான் மஹ்சுன். எரிமலைச் சரளை. ஓரடி ஏறினால் அரையடி கீழே இழுத்தது. வலப்பக்கம் எரிமலை வாயும் அதன் அடியில் நீல ஏரியும். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை, காற்றுதான்.

"மூச்சு வாங்குது, அமாக்."

"கடைக்காரனுக்கு விக்கத்தான் தெரியும்னு நெனச்சேன். வாங்கவும் தெரியுதே."

அய்க்மெல் சந்தையில் மஹ்சுனுக்குச் செல்போன் கடை. உட்கார்ந்தே பிழைக்கிறவன் என்றால் அமாக் செரினாவுக்கு ஆகாது. அவர் ரிஞ்சனி மலையில் சுமை தூக்கி, வழிகாட்டியாகி, இப்போது சுமைக்காரர்களுக்கெல்லாம் தலைவர். செரினாவின் அப்பா என்பதால் ஊருக்கே அவர் அமாக் செரினா. யாரோடு வாய்ச்சண்டை வந்தாலும் கடைசியில் அவர் சொல்வது ஒன்றுதான்: "மலைக்கு வா, பாத்துக்கலாம்." வட்டார அதிகாரி ஒருவரையே அப்படி இழுத்து வந்து, பாதி வழியில் அழவிட்டுத் திருப்பி அனுப்பியவர்.

போன வாரம் இந்தப் பயல் புதுச் சட்டையும் தலையில் தொப்பியுமாக வீட்டுக்கு வந்து, "உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் கொடுங்க" என்று கேட்டான். சிரிப்பதா, அறைவதா என்றே அவருக்குத் தெரியவில்லை. சசாக் இனத்து ஆம்பிளை எவன் பெண்ணைக் கேட்டு வாங்கினான்? தூக்கிக்கொண்டு போவதல்லவா வழக்கம்?

"உச்சியைத் தொடு. அங்க வச்சுப் பதில் சொல்றேன்" என்றார். பதில் என்னவோ 'முடியாது' என்பதுதான். அதைக் கீழேயே சொல்லியிருக்கலாம். ஏறி முடித்து நாக்குத் தள்ளி நிற்பவனிடம் சொன்னால்தானே ருசி?

நேற்று நண்பகல் ஊரைவிட்டுக் கிளம்பி, ராத்திரி மலை விளிம்பில் கூடாரம் போட்டுத் தூங்கி, விடியலில் இருந்து இந்த ஊர்வலம்.

"நான் செரினா அம்மாவை எப்படிக் கட்டினேன் தெரியுமா?" கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்தபடி கேட்டார்.

"தூக்கிட்டுப் போனீங்களாம்."

"தூக்கிட்டுத்தான் போனேன். மக்ரிப் தொழுகை முடிஞ்ச இருட்டுல, வயல் வழியா. அவ அப்பன் அரிவாளோட ஆத்தங்கரை வரைக்கும் துரத்துனான். நடுவழியில மடக்கியிருந்தா பொண்ணு அவனோட திரும்பியிருக்கும். மடக்க முடியலை. மறுநாள் ஊர்த்தலைவர் அவன் வீட்டு வாசல்ல நின்னு, 'உன் பொண்ணு இன்னார் வீட்டுல இருக்கா'ன்னு முறைப்படி சொன்னார். அதுக்கப்புறம் எந்த அப்பனும் வாயத் தொறக்கக் கூடாது. அது கல்யாணம். நீ பண்றது வியாபாரம்."

"சரிதான், அமாக்."

"எதைச் சொன்னாலும் சரிதான். ரோஷம்னு ஒண்ணு உனக்கு வைக்கவே மறந்துட்டாங்களா?"

அந்தச் சமயம் பார்த்து மஹ்சுனின் கால் வழுக்கியது. சரளை மொத்தமாக இடப்பக்கம் சரிந்தது. அவன் வயிறு தேயச் சறுக்கினான். அமாக் செரினா எட்டிச் சட்டைக் காலரைப் பிடித்து, நனைந்த மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி நிறுத்தினார்.

"விழறதா இருந்தா இறங்கும்போது விழு. இப்ப விழுந்தா என் பதிலைக் கேக்காமலே போயிடுவே."

மஹ்சுனுக்கு முட்டியில் ரத்தம். அதைப் பார்க்காமல் பையில் இருந்த செல்போனை எடுத்துப் பார்த்தான்.

"உயிர் போற எடத்துலயும் டவர் தேடுறான் பாரு."

உச்சி வந்தது. நாலு பேர் நின்றால் ஐந்தாமவனுக்கு இடமில்லாத பாறை. மஹ்சுன் அதைத் தொட்டுவிட்டு அப்படியே குப்புறப் படுத்தான். அமாக் செரினா நிதானமாக ஒரு கல்லில் உட்கார்ந்து, இலைப் பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்ச் சோற்றை ஒரு வாய் மென்று முடித்தார்.

"ம், இப்பக் கேளு. என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேண்டாம், அமாக்."

"பயந்துட்டியா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவருடைய பழைய செல்போன் அலறியது. ஊர்த்தலைவர்.

"அமாக் செரினா, நேத்துல இருந்து அடிக்கிறேன், இப்பத்தான் கெடைச்சீங்க. முறைப்படி உங்க வீட்டு வாசல்ல நின்னு சொல்லிட்டேன். உங்க காதுலயும் போட்டுடறேன். செரினாவை நேத்து மக்ரிப்புக்கு அப்புறம் தூக்கிட்டாங்க. பொண்ணு சம்மதத்தோடதான் போயிருக்கு. அய்க்மெல்ல மாப்பிள்ளையோட அத்தை வீட்டுல பத்திரமா இருக்கு."

அமாக் செரினா பொட்டலத்தைக் கீழே வைத்தார். "எந்த மாப்பிள்ளை?"

"செல்போன் கடை மஹ்சுன்."

அமாக் செரினா குனிந்து பார்த்தார். மஹ்சுன் எழுந்து உட்கார்ந்து, முட்டியில் ஒட்டிய சரளையை மரியாதையாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"இவன் நேத்து பூரா என்கூடத்தானேய்யா கெடந்தான்!"

"தூக்கினது அவனோட அத்தைங்களும் சித்தப்பன் பசங்களும். மாப்பிள்ளையே வரணும்னு வழக்கத்துல இல்லையே. இருங்க, உங்க வீட்டம்மா பேசணுங்கறாங்க."

மனைவியின் குரல் காற்றைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"பொண்ணு கேக்கச் சொல்லி அவனை உங்ககிட்ட அனுப்பினதே நான்தான். கேட்டான்னா கோவத்துல மலைக்கு இழுத்துட்டுப் போவீங்க, துரத்த வீட்டுல ஆள் இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்கு இறக்கம் பழக்கமில்லை, கையைப் புடிச்சு மெதுவாக் கூட்டிட்டு வாங்க."