தகரத்தில் உருண்ட பல்

டிங்.

அப்புறம் கடகடவென்று தகரத்தில் உருண்டு வரும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

வருஷங்கள் ஆகியும் சுகுமாரின் காதைவிட்டு அது போகவில்லை.

அன்றைக்கு மாட்டுக்கொட்டகைத் தகரக் கூரையின் கீழே கட்டிலில் படுத்திருந்தான். மகள் எழிலுக்கு அப்போதுதான் பால்பல் விழத் தொடங்கியிருந்தது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும். சாணி கூரையில் அப்பிக்கொண்டால்தான் புதுப் பல் முளைக்கும் என்பது திருப்புலிவனத்தில் எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. சத்தம் 'சப்'பென்று கேட்க வேண்டும்.

'டிங்' என்று கேட்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினான்.

மண்ணில் வெறும் பல் கிடந்தது. எழில் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அடுத்த வீட்டுச் செவ்வந்தி. சுவரில் வரட்டி தட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருந்தாள்.

"யாரு போட்டது?"

எழில் வாய் திறப்பதற்குள், "நான்தாம்பா," என்றாள் செவ்வந்தி. "கொயந்த கேட்டுச்சு. போட்டேன்."

"சாணி வெக்காம போடுவாங்களா யாராவது? உங்கை வெளங்காத கைன்னு ஊருக்கே தெரியும். போட்டுப் பாக்க எம் பொண்ணு பல்லுதான் கெடச்சுதா?"

கட்டினவன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து செவ்வந்தியின் கைக்கு ஊர் வைத்த பெயர் அது. அவள் வரட்டி தட்டப் போய்விட்டாள்.

சுகுமார் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வேலிப்படலைச் சாத்தினான்.

அந்த இடத்தில் பல் முளைக்கவில்லை. அதற்குப் பக்கத்து முன்பல் விழுந்தபோது, அவனே நிறையச் சாணி வைத்து எறிந்தான். சப்பென்று ஒட்டிக்கொண்டது. ஆனால் அங்கேயும் புதுப் பல் முளைக்கவில்லை.

"மொதப் பல்லு போட்ட கை அப்படி," என்றது தெரு. அதற்கப்புறம் ஒரு வளைகாப்புக்கும் செவ்வந்தியை யாரும் கூப்பிடவில்லை.

எழில் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். "ஏய் ஜன்னலு, காத்து வருதா?" என்று பையன்கள் கேட்கக் கேட்க, சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போனது. பிறகு சிரிப்பே போய்விட்டது.

சுகிர்தா டீச்சர் விடாமல் சொன்னதால்தான் காஞ்சிபுரத்துப் பல் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள். "பாருங்க, இந்த ரெண்டு பல்லுக்கும் உள்ளே முளையே இல்ல. பிறவியிலேயே இல்ல. சில பேருக்கு இப்படி இருக்கும். பொண்ணு வளர்ந்து முடிக்கட்டும், நிரந்தரமா வெச்சுடலாம். அதுவரைக்கும் கழட்டி மாட்டற பல்லு தர்றேன்."

"இல்லீங்க டாக்டர்," என்று இழுத்தாள் சுகுமாரின் மனைவி சசிரேகா. "மொத பல்லு கூரையிலேர்ந்து உருண்டு வுழுந்துட்ச்சு. அதனாலதான்..."

"இல்லாத பல்லு எப்படிம்மா முளைக்கும்? யாரும் எதுவும் பண்ணல."

வாயைப் பொத்தியிருந்த விரல்களுக்குள்ளிருந்து எழிலின் குரல் வந்தது.

"அப்போ நான் போட்டதால இல்லியா?"

சுகுமார் திரும்பினான். "நீயா போட்ட?"

"சாணி நாறுச்சுப்பா. அதான் பல்லைக் கயுவிட்டு வெறுமனே போட்டுட்டேன். நீ கத்திக்கினு வந்தியா... செவ்வந்தி அத்தை சொல்லாதன்னு கண்ணக் காட்டுச்சு."

இத்தனை நாள் வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே அழுது தீர்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுகுமார் வேலிப்படலை இழுத்தான். கொடி படர்ந்து இறுகியிருந்தது. பிய்த்துத்தான் திறக்க வேண்டியிருந்தது.

செவ்வந்தி சுவரோரம் வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இன்னா சொன்னாரு டாக்டரு? கொயந்தைக்கு வலிக்க கிலிக்க பண்ணிட்டாரா?"

"நீ போட்டதா ஏங்கா சொன்ன?"

செவ்வந்தி கையிலிருந்த சாணியைச் சுவரில் அப்பினாள்.

"அன்னிக்குக் கொயந்த மூஞ்சியப் பாத்தேன். பல்லும் போயி பழியும் சேந்தா புள்ள தாங்குமா? எங்கைக்குத்தான் ஏற்கெனவே ஒரு பேரு கீதே. மேல ஒண்ணு ஏறினா கனக்கவா போவுது?"

சுகுமார் அவள் கைகளைப் பார்த்தான். முழங்கைவரை சாணி. அன்றைக்கும் இப்படித்தான் நின்றாள். இந்தக் கை எறிந்திருந்தால் பல் 'டிங்' என்று விழுந்திருக்குமா?

சத்தம் ஞாபகம் இருந்தது. கை ஞாபகம் இல்லை.

மார்கழியில் எழிலின் தம்பி விஜய்க்கு முதல் பல் விழுந்தது. தெருவே பார்க்க, சுகுமார் அவனைச் செவ்வந்தி வீட்டு வாசலுக்கு அழைத்துப் போனான்.

"எங்கையாலயா? வோணாம்பா," என்றாள் அவள்.

"உங்கையாலதாங்கா."

சப்.

விஜய்க்குப் புதுப் பல் வந்துவிட்டது. எழிலுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கழற்றி மாட்டும் பல்லோடு போகிறாள். சாயங்காலம் வந்ததும் அதைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, செவ்வந்தியோடு உட்கார்ந்து வரட்டி தட்டுகிறாள். இரண்டு கையும் சாணி. சிரிப்பு வந்தால் வாயை மூட முடிவதில்லை.