வாசல் கச்சேரி

"நான் கிளாரினெட் ஊதினா மெட்ரோ ரயிலே நின்னு கேட்டுட்டுப் போகும். தெருவே ஓடி வரும்!" என்றார் ஹசிந்தோ, மெக்ஸிகோ நகரத்தின் ஓய்வு பெற்ற தபால்காரர்.

"பன்னண்டு வருஷமா கதவைச் சாத்திக்கிட்டுதானே ஊதறே? வாசல்ல போய் ஊது பாக்கலாம். நாய்கூட வராது, கிழவா!" என்றாள் மனைவி தோமித்திலா.

அன்று மாலை, வாசலில் நாற்காலி போட்டு, கண்ணை இறுக மூடி, கிளாரினெட்டில் முதல் சுரத்தை நீளமாக ஊதினார்.

கண்ணைத் திறந்தால் எதிரே நாற்பது பேர். எல்லோர் கையிலும் தட்டு.

"வண்டி எங்க, ஹசிந்தோ ஐயா?" என்றார் பக்கத்து வீட்டு மெக்கானிக். "சாயங்காலம் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு விக்க வர்ற வண்டியோட நீராவி விசில் கேட்டுச்சே!"

"அந்த விசில் நான்தான். பன்னண்டு வருஷ சாதகம்! வந்தது வந்துட்டீங்க, மிச்சத்தையும் கேட்டுட்டுப் போங்க."

சிரித்துக்கொண்டே எல்லோரும் படியில் உட்கார்ந்தார்கள். தோமித்திலாவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, ஒத்துக்கறேன். தெருவே ஓடித்தான் வந்துச்சு."